பெரியம்மாவின் மனையும் என் கரண்டு பில்லும்: பத்து ஆராங்கில் தொடங்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவில் பத்து ஆராங் என்ற ஊரில் என் பெரியம்மாவுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. பின்பக்கம் ஓர் அறை சேர்த்து, மேலே மாடி எடுத்தால் மகனும் மருமகளும் வந்து கூடவே தங்கலாம் என்று சென்ற ஆண்டு ஆசைப்பட்டார். வரைபடம் போட வந்தவர் மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "அம்மா, இதுக்கு அடியில சுரங்கம் ஓடுதா?" என்பதுதான். மாடி வேண்டுமென்றால் மண்ணைத் துளைபோட்டுப் பார்க்க வேண்டும், அதற்கே பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும், துளைத்த இடம் கெட்டியாக இருந்தாலும் பத்தடி தள்ளியும் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே வாரம் கோலாலம்பூர் செந்தூலில் என் ஃபிளாட்டுக்கு மின்கட்டண ரசீது வந்தது. 380 யூனிட். முந்தைய மாதங்களைப் போலத்தான். ஆனால் பெரியம்மாவின் குரல் காதில் இருந்ததால் அந்த எண்ணைத் தாண்டிப் போக முடியவில்லை. அவர் வீட்டுக்கு அடியில் இருக்கும் பொந்தும் என் வீட்டில் ஓடும் ஏர்கோனும் (ஏசி) ஒரே கதையின் இரண்டு முனைகள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அதன்பின் ஓராண்டு எங்கள் குடும்பத்தில் நடந்த பேச்சு, வாக்குவாதம், எடுத்த முடிவுகள், எடுக்க முடியாத முடிவுகள் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிலத்தின் பழைய கணக்கு

பத்து என்றால் மலாயில் கல். ஆராங் என்றால் கரி. கோலாலம்பூருக்கு வடமேற்கே, ரவாங் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்குப் பெயர் வைத்ததே நிலக்கரிதான். 1908-இல் இங்கே கரி கண்டுபிடிக்கப்பட்டது. 1913-இல் மலாயன் கொலியரிஸ் என்ற நிறுவனம் உருவானது. 1915 முதல் குவாங் சந்திப்பு வழியாக ரயிலில் கரி வெளியேறத் தொடங்கியது. 1960-இல் சுரங்கத்தை மூடும்வரை தோண்டியெடுத்தது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டன். ரயில் எஞ்சின்கள், ஈயச் சுரங்கங்கள், பங்சார் மின்நிலையம் எல்லாம் இதைத்தான் எரித்தன. கோலாலம்பூரில் அந்தக் காலத்தில் எரிந்த பல்புகளுக்குப் பின்னால் பத்து ஆராங் இருந்தது.

என் அம்மாவின் அப்பா அங்கே கரி வெட்டியவர். அப்பாவின் அப்பா செந்தூல் ரயில் பட்டறையைச் சேர்ந்தவர், எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். ஒரு தாத்தா வெட்டியதை இன்னொரு தாத்தா எரித்தார் என்று அம்மா சொல்வார். அதனால் நிலக்கரியைப் பற்றி நான் எதை எழுதினாலும் வெளியில் நின்று எழுத முடியாது. அந்தச் சம்பளத்தில் வளர்ந்த குடும்பம் இது.

பெரியம்மாவுக்கு இப்போது வயது எழுபத்தேழு. சுரங்கம் மூடும்போது பன்னிரண்டு வயது. நேரத்துக்கு நேரம் ஊதும் சங்கு, கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் மாலைக்குள் படிந்துவிடும் கறுப்பு, ஆயுத பூஜையன்று சாமி முன்னால் அரிவாள், மண்வெட்டியோடு வைத்த சுரங்க விளக்கு, இவைதான் அவர் நினைவில் இருப்பவை. தாத்தா ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். 1937 மார்ச்சில் சீனரும் இந்தியரும் சேர்ந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தபோது தாத்தா மீசை முளைக்காத பையன். விடியற்காலையில் காவல்படை வந்து சூழ்ந்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, கரி எடுத்த பிறகு நிலத்துக்கு என்ன ஆகிறது? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்து ஆராங்கில் இரண்டு விதமாகவும் தோண்டினார்கள். ஆழத்தில் இருந்ததற்குச் சுரங்கப் பாதை, மேலாக இருந்ததற்குத் திறந்தவெளிக் குழி. சுரங்கப் பாதையில் கூரை விழாமல் இருக்க ஆங்காங்கே கரியையே தூணாக விட்டுவிடுவார்கள், மரத்தால் முட்டுக் கொடுப்பார்கள். ஆட்கள் வேலை செய்யும்வரை யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூடிய பிறகு பார்ப்பதற்கு யாரும் இல்லை. தண்ணீர் ஏறுகிறது, மரம் மக்குகிறது, தூண் உதிர்கிறது. கூரை சரியும்போது அந்தப் பொந்து கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி நகர்கிறது. பத்து ஆண்டிலும் நகரலாம், நூறு ஆண்டிலும் நகரலாம். கட்டடம் கட்ட வருகிறவர்கள் இங்கே தயங்குவதற்கு இதுதான் காரணம். ரவாங் பக்கம் தாமான் மேல் தாமானாக, அதாவது புதிய குடியிருப்புகளாக, வளர்ந்துவிட்டது. பத்து ஆராங்கில் இன்றும் பழைய கடைவீதி, செங்கல் புகைபோக்கி, இடையிடையே ஏரிகள்.

அந்த ஏரிகள் இயற்கையாக வந்தவை அல்ல. திறந்தவெளியில் தோண்டிய குழிகளில் மழைநீர் நிரம்பியவை. விடுமுறை நாளில் போனால் கரையில் குடும்பங்கள் உட்கார்ந்திருப்பதையும் தூண்டில் போடுவதையும் பார்க்கலாம். அழகாகவே இருக்கிறது. பெரியம்மா மட்டும் பேரப்பிள்ளைகளை அந்தக் கரையில் ஓட விடமாட்டார். சாதாரணக் குளத்துக்கு ஒரு சரிவு இருக்கும், கால் வைத்துப் பார்த்து இறங்கலாம். குழிக்கு அது கிடையாது, இரண்டடி எடுத்து வைத்தால் ஆழம்.

நாற்பத்தைந்து ஆண்டு எடுத்தார்கள். மூடி அறுபத்தைந்து ஆண்டு ஆகிவிட்டது. எடுத்த காலத்தைவிட அதன் விளைவோடு நிலம் வாழும் காலம் நீளமாகிவிட்டது, இன்னும் முடியவில்லை. கரியில் கிடைத்த வெளிச்சம் கோலாலம்பூருக்குப் போனது, கூலி தாத்தாவுக்கு வந்தது, லாபம் பங்குதாரர்களுக்குப் போனது. மாடி கட்ட முடியாத மனை பெரியம்மாவிடம் இருக்கிறது. யார் எதைப் பெற்றார்கள், யாரிடம் எது மிஞ்சியது என்று இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாக மாறியது.

குழி இடம் மாறியது

1960-இல் பத்து ஆராங் மூடியதற்குக் காரணம் நாம் திருந்தியது இல்லை. எண்ணெய் மலிவானது, ரயில் டீசலுக்கு மாறியது, கரியை வாங்க ஆள் குறைந்தது. பிறகு சில பத்தாண்டுகள் கழித்து நிலக்கரி மறுபடியும் வந்தது, இந்தமுறை கடல் வழியாக. கிள்ளான் அருகே காப்பார், பேராக்கில் மஞ்சோங், போர்ட்டிக்சன் அருகே ஜிமா, ஜொகூரில் தஞ்சோங் பின் ஆகிய மின்நிலையங்கள் எரிக்கும் கரி கப்பலில்தான் வந்து இறங்குகிறது. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து, மிச்சம் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோ இப்படிப் பிறக்கிறது.

இந்தோனேசியாவில் கரி அதிகமாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று போர்னியோ தீவின் கிழக்குக் கலிமந்தான். அதன் தலைநகரம் சமாரிண்டா. மகாகாம் ஆற்றில் கரி ஏற்றிய தட்டைப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நகரத்தின் எல்லைக்குள்ளேயே சுரங்க உரிமங்கள் கொடுத்திருக்கிறார்கள். வெட்டி முடித்த குழிகளை மூடாமல் விட்டுவிட்டுப் போன நிறுவனங்கள் பல. அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது, பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன, பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள். 2011-லிருந்து அந்த மாநிலத்தில் இப்படிக் கைவிட்ட குழிகளில் மூழ்கி இறந்தவர்கள் நாற்பதுக்கும் மேல், பெரும்பாலும் சிறுவர்கள். இதைப் படித்த இரவு பெரியம்மாவை அழைத்தேன். கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அங்கேயும் கரையில சரிவு இருக்காது இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

குழி மட்டும் பிரச்சினை என்றால் வேலி போட்டுவிடலாம். கரிப் படுகையோடு கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமங்கள் இருக்கும். மண்ணுக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை அவை சும்மா கிடக்கும். வெட்டி மேலே கொட்டியதும் காற்றும் மழையும் பட்டு அமிலமாகி ஓடும். அது வயலுக்குப் போகும், கிணற்றுக்குப் போகும். இப்படி அமிலம் ஊறிய குழி நீர் சில இடங்களில் பச்சை கலந்த நீலமாகக் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். பாசி இல்லை, மீன் இல்லை, அதனால் அந்தத் தெளிவு. படத்தில் பார்த்தால் சுற்றுலா போகத் தோன்றும். அத்தோடு ஒரு டன் கரியை எடுக்க அதன்மேல் இருக்கும் பல கன மீட்டர் மண்ணையும் பாறையையும் முதலில் அகற்றியாக வேண்டும். அந்த மேல்மண்ணில்தான் காடு இருந்தது, மிளகுத் தோட்டம் இருந்தது, நெல் இருந்தது.

பத்து ஆராங் குழியை நாம் பார்க்கிறோம், அதனால் பயப்படுகிறோம். சமாரிண்டா குழியை நாம் பார்ப்பதில்லை. நம் நிலத்தில் வேண்டாம் என்று ஆனதை இன்னொருவர் நிலத்தில் வைத்துக்கொண்டோம் என்பதுதான் இந்த நிகழ்வில் நான் கண்ட முக்கியமான உண்மை. திட்டமிட்டு யாரும் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் நடந்திருக்கிறது.

அரிசிப் பையில் அளந்த கரி

தூரத்தில் நடப்பதை வீட்டுக்குள் கொண்டுவர ஓர் அளவு தேவைப்பட்டது. என் சுவிட்சுக்கு வரும் மின்சாரம் எந்த நிலையத்தினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே மின்கட்டமைப்பில் கலந்துதான் வருகிறது. அதனால் பாதி நிலக்கரி என்று வைத்துக்கொண்டேன். ஒரு யூனிட்டுக்குத் தோராயமாக அரைக் கிலோ கரி. 380 யூனிட்டில் பாதி 190. அதற்கு 95 கிலோ. நாங்கள் வாங்கும் அரிசிப் பை பத்துக் கிலோ. ஆக, மாதம் ஒன்பதரைப் பை கரியை நான் எரிக்கிறேன். ஓராண்டுக்கு ஒரு டன்னைத் தாண்டுகிறது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் அரிசி மாதம் இரண்டு பைதான் செலவாகிறது.

இந்தக் கணக்கை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். என் மகள்தான் முதலில் கேள்வி கேட்டாள், "இந்த ஒன்பதரைப் பையை யார் சுமக்கிறாங்க?" என்று.

செய்ததைச் சொல்கிறேன். இரண்டு அறையில் ஓடிய ஏர்கோனை ஓர் அறையாக்கினோம். இரவு பத்து முதல் இரண்டு வரை ஏர்கோன், பிறகு விசிறி. மேற்குப் பக்கச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். இது மிகவும் உதவியது, மாலையில் சுவர் சூடேறுவது குறைந்தது. பழைய குளிர்பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்து குளிர் கசிந்துகொண்டிருந்தது, அதை மாற்றினோம். நான்கு மாதத்தில் 380 யூனிட் 290-க்கு வந்தது. முதல் இரண்டு வாரம் யாருக்கும் தூக்கம் சரியில்லை. மாமியாருக்கு முதுகில் வேர்க்குரு வந்தது. வயதானவர்கள், நோயாளிகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அப்போது புரிந்தது, அவர் அறைக்கு ஏர்கோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 290 அதையும் சேர்த்துத்தான்.

இடையில் ஒன்று தெரியவந்தது. மாதம் 300 யூனிட்டைத் தாண்டினால் ரசீதில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு பிடிப்பார்கள். குறைத்ததும் அது நின்றுவிட்டது. மாதம் இரண்டு வெள்ளிக்கும் குறைவான தொகைதான். ஆனாலும் கரியைக் குறைத்தேன் என்பதற்காக மாற்று எரிசக்திக்குக் கொடுக்கும் பங்கும் நின்றுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் அக்கா ரவாங்கில் வரிசை வீட்டில் இருக்கிறார், சொந்தக் கூரை. 2023-இல் 4 கிலோவாட் சூரியத் தகடுகள் போட்டார். பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு அனுப்பி, ரசீதில் கழித்துக்கொள்ளும் திட்டம். மாதம் நானூறு யூனிட் அளவுக்குக் கிடைக்கிறது. ஃபிளாட்டில் இருக்கும் எனக்கு அந்த வழி இல்லை, மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு முறை பேசினேன். லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்குமாவது போடலாம் என்றேன். பராமரிப்புக் கட்டணமே பாதிப்பேர் கட்டவில்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். நகரத்துத் தமிழர்களில் எத்தனையோ பேர் என்னைப்போல் அடுக்குமாடியில் இருக்கிறோம். கூரை உள்ளவருக்கு மட்டும் திறந்திருக்கும் வழியை அறம் என்று எல்லார்மேலும் சுமத்த எனக்கு மனமில்லை.

அக்காவின் தகடும் நிலத்திலிருந்து வந்ததுதான். சிலிக்கனுக்கு வெண்கல் (குவார்ட்ஸ்) வெட்ட வேண்டும், சட்டத்துக்கு அலுமினியம், கம்பிக்குச் செம்பு, உள்ளே கொஞ்சம் வெள்ளி. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு குழி. இரவில் அக்கா வீட்டுக்கும் மின்கட்டமைப்பிலிருந்துதான் வருகிறது. நீர்மின்சாரம் சுத்தம் என்பார்கள். சரவாக்கின் பாக்குன் அணைக்காக ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு நிலம் தண்ணீருக்குள் போனது, ஏறக்குறைய பத்தாயிரம் பூர்வகுடி மக்கள் சுங்கை ஆசாப் என்ற இடத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். அப்படியென்றால் எல்லாம் ஒன்றுதானா? அப்படி நான் நினைக்கவில்லை. தகட்டுக்கு ஒருமுறை தோண்டினால் இருபத்தைந்து ஆண்டு ஓடும், பிறகு அந்தச் செம்பையும் அலுமினியத்தையும் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். கரிக்கு இன்று தோண்டியது இன்றோடு சரி. நாளைக்கு மறுபடி தோண்ட வேண்டும். குழியே இல்லாத வாழ்க்கை நமக்கு இல்லை, ஆனால் எந்தக் குழி வளர்ந்துகொண்டே போகும், எது ஓரிடத்தில் நிற்கும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

மாமா கேட்டது

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பூச்சோங்கில் இருக்கிறார். பொங்கலன்று எல்லாரும் பெரியம்மா வீட்டில் கூடினோம். அரிசிப் பைக் கணக்கை என் மகள் எடுத்துச் சொன்னதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கப்பா அந்தக் கரியைத் தோண்டித்தான் உங்கம்மாவைப் படிக்க வச்சாரு. அந்தப் படிப்புலதான் நீயும் இங்க உட்கார்ந்து பேசுற. இப்ப கரி பாவமாயிடுச்சா?"

"பாவம்னு சொல்லல மாமா. தாத்தா செஞ்சதைத் தப்புன்னும் சொல்லல."

"நீ ஒருத்தி ஏர்கோனை நிறுத்தினா காப்பாருக்கு வர்ற கப்பல் திரும்பிப் போயிடுமா?"

திரும்பாது என்றேன். அதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. என் வீட்டில் குறைந்த 90 யூனிட் ஒரு கப்பலின் கணக்கில் தூசுக்கும் கீழே. நிலக்கரி நிலையங்கள் மூடுவதும் மூடாததும் அரசின் கொள்கையில் இருக்கிறது. புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டமாட்டோம் என்று மலேசியா 2021-இல் அறிவித்தது, 2050-க்குள் நிகரக் கரியமில வாயு வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவோம் என்றும் சொல்லியிருக்கிறது. இந்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பது என் ஏர்கோனைவிடப் பெரிய வேலை. ஆனால் ஒன்பதரைப் பையை எண்ணிப் பார்த்த பிறகுதான் நான் அதைக் கேட்கவே தொடங்கினேன். எண்ணாமல் இருந்தபோது அது செய்தித்தாளில் யாருக்கோ வந்த செய்தியாக இருந்தது.

மாமாவின் முதல் கேள்விதான் என்னை அதிகம் உலுக்கியது. தாத்தாவுக்கு வேறு வேலை இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதா, சுரங்கத்தில் கரி வெட்டுவதா என்பதுதான் அவருக்கு முன் இருந்த வழிகள். சமாரிண்டாவில் இன்று கரி லோரி ஓட்டுபவருக்கும் அப்படித்தான் இருக்கும். அவர்களைக் குற்றவாளியாக்கும் எந்தப் பேச்சும் எனக்கு வேண்டாம். தோண்டுகிறவரின் தேவையும் எரிக்கிறவரின் வசதியும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. நான் எரிக்கிற பக்கத்தில் இருக்கிறேன். கேள்வி எனக்குத்தான்.

பெரியம்மா அதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "அப்பா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான்டா இறங்குவாரு. எடுக்கிறோம்னு அவருக்குத் தெரியும்." மாமா பதில் பேசவில்லை. சாப்பிட்ட பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைவரை நடந்து, பழைய சுரங்க வாய் எந்தப் பக்கம் இருந்தது என்று அவரே கைகாட்டினார்.

பெரியம்மா மாடி கட்டவில்லை. மண் சோதனைக்கும் பணம் போடவில்லை. பின்பக்கம் கனமில்லாத பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஓர் அறை போடுவது என்று முடிவானது. மகனும் மருமகளும் வார இறுதியில் மட்டும் வருகிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவும் இல்லை. தகரக் கூரை கனம் தாங்கினால் அதன்மேல் இரண்டு தகடு வைக்கலாமா என்று அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பொங்கல் முடிந்த பத்தாம் நாள் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவர் வீட்டு ரசீது, 710 யூனிட். கீழே ஒரே வரி: "இதுக்கு எத்தனை பை?"

கணக்குப் போட்டு அனுப்பினேன். பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பதில் வரவில்லை.

அடுத்த மாதமும் படம் வந்தது. பதினாறு.